ஆட்டோகேட்டில் கோடு போடலாம், வாங்க!

ஆட்டோகேட் என்றாலே அது சிவில், மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு உரியது என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். வீட்டுக் கணினியில் வேர்டும் எக்செல்லும் வைத்திருப்பவர்கள் ஒரு கேட் மென்பொருளையும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. வீடு கட்டுபவர், மனை வாங்குபவர், தோட்டத்துக்குச் சொட்டு நீர்க் குழாய் போடுபவர், அலமாரி செய்யத் தச்சரிடம் அளவு சொல்பவர் என்று எல்லோருக்கும் கோடு போடும் வேலை வருகிறது. ஆனால் இந்த மென்பொருளைத் திறந்ததும் முதலில் குழப்புவதும் கோடுதான். லைன், பாலிலைன், எக்ஸ்லைன், ரே, மல்டிலைன், ஸ்ப்லைன் என்று அரை டஜன் கட்டளைகள். போதாததற்கு லைன்டைப் என்று தனியாக ஒரு பட்டியல். திரையில் பார்த்தால் எல்லாம் ஒரே கோடாகத்தான் தெரியும். அப்புறம் ஏன் இத்தனை?

காகிதத்தில் போட்ட கோடு வெறும் மை. கணினியில் போட்ட கோடு ஒரு தகவல். பிற்பாடு அதனிடம் என்ன கேள்வி கேட்கப் போகிறோம் என்பதை வைத்துத்தான் எந்தக் கோடு என்று தேர்ந்தெடுக்க வேண்டும். 1963-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் என்ற ஆராய்ச்சி மாணவர் டிஎக்ஸ்-2 என்ற கணினியில் ஸ்கெட்ச்பேட் என்ற மென்பொருளை எழுதினார். ஒளிப் பேனாவால் திரையில் கோடு போடலாம். இந்த இரண்டு கோடும் இணையாக இருக்க வேண்டும் என்று சொன்னால் கணினியே அவற்றை இணையாக்கிவிடும். கோட்டைத் தகவலாகப் பார்க்கும் வழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது. 1982-ன் இறுதியில் வெளிவந்த ஆட்டோகேட், அந்த வசதியை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது.

எதை வரைந்து பழகுவது? புத்தகங்களில் நட்டும் போல்ட்டும்தான் இருக்கும். நாம் ஒரு தென்னந்தோப்பை வரைவோம். எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல் மாவட்டம் அய்யம்பாளையம். பழனி மலையின் அடிவாரம், மருதாநதி அணை பக்கத்தில். ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் தென்னைதான். சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் எனக்கு ஊரில் இருந்து வந்த முதல் ‘கம்ப்யூட்டர் வேலை’யே தோப்பை வரைந்து கொடு என்பதுதான். அப்பாவும் சித்தப்பாவும் பொதுவில் வைத்திருந்த தோப்பைப் பாகம் பிரிக்க வேண்டும். நில அளவரைக் கூப்பிடும் முன்பு எந்த இடத்தில் கோடு விழும் என்று தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்ள நினைத்தார்கள்.

இதற்கு மூல ஆவணம் எஃப்எம்பி எனப்படும் புலப்படம். தமிழ்நாட்டில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் இது உண்டு. கிராமப்புற நிலங்களுக்கான புலப்படத்தை அரசின் இ-சேவை இணையதளத்தில் பட்டா விவரம் பார்க்கும் இடத்திலேயே பார்க்கலாம். அதை உற்றுப் பாருங்கள். நிலத்தின் எல்லையாக வரும் கோடுகளை எஃப் லைன் என்பார்கள். நிலத்தின் குறுக்கே மூலைக்கு மூலை ஓடும் கோடு ஜி லைன். அது எல்லை அல்ல, அளப்பதற்காகப் போட்ட துணைக் கோடு. அந்தக் கோட்டின் வழியாக இத்தனை மீட்டர் நடந்து, அங்கிருந்து செங்குத்தாக இத்தனை மீட்டர் போனால் இந்த எல்லைக் கல் வரும் என்று அளவு எழுதியிருப்பார்கள். செங்குத்தாகப் போகும் அந்த அளவுக்கு ஆஃப்செட் என்று பெயர். கணக்குப் பாடத்தில் எக்ஸ், ஒய் என்று படித்தோமே, அதையேதான் சர்வேயர்கள் சங்கிலி பிடித்துச் செய்து வைத்திருக்கிறார்கள். கேட் மென்பொருளுக்கு இதைவிட வசதியான ஆவணம் கிடைக்காது. பழைய தாள்களில் அளவு மீட்டரில் இல்லாமல் லிங்க்ஸ் கணக்கில் இருந்தால் பயப்பட வேண்டாம். 66 அடிச் சங்கிலியில் நூறில் ஒரு பங்கு ஒரு லிங்க். அப்படியே வரைந்துவிட்டு, ஸ்கேல் கட்டளையில் 0.201168 கொடுத்தால் படம் மீட்டருக்கு மாறிவிடும்.

எங்கள் தோப்பின் சரியான அளவுகளை இங்கே தரவில்லை. கணக்குக்கு வசதியாக மாற்றியிருக்கிறேன். ஆனால் விஷயம் அதேதான். ஜி லைன் 80 மீட்டர். அதில் 30-வது மீட்டரில் இடது பக்கம் 40 மீட்டர் ஆஃப்செட்டில் ஒரு கல். 44-வது மீட்டரில் வலது பக்கம் 33 மீட்டரில் இன்னொரு கல். ஆக நான்கு மூலைகள்.

முதலில் எஃப்12 கீயை அழுத்தி டைனமிக் இன்புட்டை நிறுத்திவிடுங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால், இரண்டாவது புள்ளியில் இருந்து நீங்கள் தட்டும் எண்களை முந்தைய புள்ளியில் இருந்து உள்ள தூரமாக எடுத்துக்கொள்ளும். படம் எங்கேயோ போய்விடும். புதியவர்கள் பலர் மென்பொருள் கெட்டுவிட்டது என்று நினைப்பது இந்த இடத்தில்தான். இப்போது லைன் கட்டளைக்கு எல் என்று தட்டி என்டர் கொடுங்கள். பிறகு வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் என்டர் தட்டி,

0,0
30,40
80,0
44,-33

என்று கொடுத்து, கடைசியில் குளோஸ் என்பதற்கான சி-யைத் தட்டினால் தோப்பு திரையில் வந்துவிடும். (முழுப் படமும் தெரியாவிட்டால் ஜூம் கட்டளையில் எக்ஸ்டென்ட்ஸ் கொடுங்கள்.) இப்படி எக்ஸ், ஒய் எண்ணாகக் கொடுப்பது ஒரு வழி. முந்தைய புள்ளியில் இருந்து தூரமும் கோணமும் தெரிந்தால் @50<30 என்கிற மாதிரி கொடுக்கலாம். 50 மீட்டர் தூரம், 30 டிகிரி என்று அர்த்தம். நேர் கிடையாகவோ நேர் செங்குத்தாகவோ போக வேண்டுமானால் எஃப்8 அழுத்தி மவுஸை அந்தத் திசையில் நகர்த்தி, தூரத்தை மட்டும் தட்டினால் போதும். வீட்டுப் பிளான் வரைபவர்கள் பாதி வேலையை எஃப்8-லேயே முடித்துவிடுவார்கள்.

தோப்பு வந்துவிட்டது. பரப்பளவு என்ன என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கோட்டை கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால் அந்த ஒரு கோட்டின் நீளம்தான் வரும். ஏனென்றால் லைன் கட்டளையில் போட்டவை நான்கு தனித்தனிக் கோடுகள். அவை ஒரு தோப்பைச் சுற்றி நிற்கின்றன என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது.

அதை அழித்துவிட்டு, பிஎல் என்று தட்டிப் பாலிலைன் கட்டளையில் அதே எண்களைக் கொடுத்து சி-யால் மூடுங்கள். பார்க்க அச்சு அசலாக அதே படம். இப்போது கிளிக் செய்தால் நான்கு பக்கமும் ஒன்றாக எழுந்து நிற்கும். ப்ராப்பர்ட்டீஸில் பரப்பு 2920 என்று வரும். அதாவது 29.20 ஏர், நம் ஊர்க் கணக்கில் 72 சென்டுக்குக் கொஞ்சம் மேல். சுற்றளவு 217.87 மீட்டர். மூன்று வரிசைக் கம்பி வேலி போட்டால் எவ்வளவு கம்பி என்று உடனே சொல்லிவிடலாம். வரப்பில் இருந்து நான்கு மீட்டர் தள்ளித்தான் மரம் வைக்க வேண்டும் என்றால், ஆஃப்செட் கட்டளையில் 4 கொடுத்து உள்பக்கம் கிளிக் செய்யுங்கள். மூலைகள் எல்லாம் ஒழுங்காகப் பொருந்தி உள்ளே ஒரு சின்னத் தோப்பு வரும். தனித்தனி லைனுக்கு அதே கட்டளையை நான்கு முறை கொடுத்தால், கோடுகள் மூலையில் ஒன்றை ஒன்று தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொன்றாக வெட்டிச் சரிசெய்ய வேண்டும்.

ஏற்கெனவே லைனில் வரைந்துவிட்டீர்களா? பிஎடிட் கட்டளையில் ஜாயின் கொடுத்துச் சேர்க்கலாம். அல்லது பவுண்டரி கட்டளையைக் கொடுத்து உள்ளே ஓர் இடத்தில் கிளிக் செய்தால், சுற்றியுள்ள கோடுகளின் மீது புதிதாக ஒரு பாலிலைனை அதுவே போட்டுவிடும்.

இனி பாகப் பிரிவினைக்கு வருவோம்.

“ஜி லைன்தான் மூலைக்கு மூலை ஓடுதே தம்பி. அதுல கயித்தைப் பிடிச்சா ரெண்டு பாகம் ஆச்சு. வடக்க அண்ணனுக்கு, தெக்க எனக்கு” என்றார் சித்தப்பா. ஊரில் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். கண்ணால் பார்த்தாலும் சமமாகத்தான் தெரியும். இரண்டு பக்கத்தையும் தனித்தனி முக்கோணப் பாலிலைனாக மூடிப் பார்த்தேன். வடக்கே 1600 சதுர மீட்டர், தெற்கே 1320. வித்தியாசம் 280 சதுர மீட்டர். கிட்டத்தட்ட ஏழு சென்ட். தென்னைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் இடைவெளி 25 அடிக்கு 25 அடி, அதாவது 7.5 மீட்டர். அந்தக் கணக்கில் ஐந்து மரம் நிற்கும் இடம். காய்க்கிற மரம் என்றால் அது எத்தனை வருட வருமானம் என்று அய்யம்பாளையத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். சித்தப்பா தன் வாயாலேயே தனக்குக் குறைவாகக் கேட்டிருக்கிறார்!

கூடுதல் எங்கள் பக்கம்தான். திரையைத் திருப்பி இருவருக்கும் காட்டினேன். அப்பா கொஞ்ச நேரம் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “சமமா வர்ற இடத்துல போடு” என்றார்.

அது எந்த இடம்? இங்கேதான் பாலிலைனின் அருமை தெரியும். வடக்கு முக்கோணத்தை கிளிக் செய்தால் மூலைகளில் நீலச் சதுரங்கள் தோன்றும். இவற்றுக்கு கிரிப் என்று பெயர். ஜி லைனின் 80 மீட்டர் முனையில் உள்ள கிரிப்பைப் பிடித்து, வடகிழக்கு எல்லைக் கோட்டின் மீதே மேல்நோக்கி நகர்த்துங்கள். கோட்டை விட்டு விலகாமல் இருக்க ஆப்ஜெக்ட் ஸ்னாப்பில் நியரெஸ்ட் என்பதை டிக் செய்துகொள்ளுங்கள். நகர்த்தி விட்டுவிட்டு ப்ராப்பர்ட்டீஸில் பரப்பைப் பாருங்கள். 1600 குறைந்துகொண்டே வரும். 1460-க்கு வரும்போது நிறுத்த வேண்டும். கணக்குப் போட்டும் கண்டுபிடிக்கலாம். முக்கோணத்தின் உச்சி மாறவில்லை, அடிப்பக்கம் மட்டும் குறைகிறது. ஆகவே 1460-ஐ 1600-ஆல் வகுத்தால் வரும் 0.9125 பங்கு போதும். அந்த எல்லைக் கோட்டின் நீளம் 64.03 மீட்டர். மூலையில் இருந்து 5.60 மீட்டர் தள்ளிக் கல் நட்டால் இரண்டு பாகமும் சமம்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் படம் வீட்டுக்குள் பேசிக்கொள்ளத்தான். உட்பிரிவு செய்து தனிப் பட்டா ஆக வேண்டுமானால் நில அளவர் வந்து அளந்து கல் காட்டினால்தான் செல்லும். பத்திரமும் பதிவாக வேண்டும். ஆனால் அவர் வரும் நாளில் வரப்பில் நின்று சண்டை போடாமல் இருக்க இது உதவும்.

மற்ற கோடுகளை விரைவாகப் பார்த்துவிடுவோம். எக்ஸ்லைன் என்பது இரண்டு பக்கமும் முடிவே இல்லாமல் ஓடும் கோடு. ரே ஒரு பக்கம் மட்டும் முடிவில்லாதது. இவை படத்தின் பாகமல்ல, கொத்தனார் கட்டும் நூல் மாதிரி. எக்ஸ்லைனில் ஆஃப்செட் தேர்வைக் கொடுத்து 7.5 என்று தட்டி, வேலியை ஒட்டி அடுத்தடுத்துக் கிளிக் செய்துகொண்டே போனால் மரம் வைக்கும் வரிசைகள் வந்துவிடும். இரு பக்கமும் அப்படிச் செய்தால் கோடு வெட்டிக்கொள்ளும் இடங்களில் குழி. எக்ஸ்லைன்களை மட்டும் தனி லேயரில் போட்டு, அந்த லேயருக்கு பிளாட் வசதியை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் பிரிண்ட் எடுக்கும்போது தாள் முழுவதும் கோடாக வரும்.

மல்டிலைன் சுவருக்கு. ஒரே இழுப்பில் இரண்டு இணைகோடு வரும். மில்லி மீட்டரில் வரையும்போது ஸ்கேல் 230 கொடுத்தால் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். ஜஸ்டிஃபிகேஷன் என்று கேட்கும் இடத்தில் ஜீரோ கொடுத்தால் நீங்கள் கிளிக் செய்யும் புள்ளி சுவரின் நடுவில் அமையும். டாப் என்றால் சுவரின் ஓரத்தில். இதைக் கவனிக்காவிட்டால் அறையின் உள்ளளவு அரைச் சுவர் கனத்துக்கு மாறிவிடும். ஜன்னல், கதவுக்கு வெட்டுவது இதில் கொஞ்சம் தொல்லை. எனக்கு மல்டிலைன் அவ்வளவாகப் பிடிக்காது. பாலிலைனை ஆஃப்செட் செய்வதே எளிது.

ஸ்ப்லைன் வளைந்து நெளிந்து போகும் கோடு. ஆறு, ஓடை, மலைச் சரிவில் சம உயரக் கோடு ஆகியவற்றுக்கு இது பொருத்தம். மருதாநதியின் கரையை வரைய வேண்டுமானால் ஸ்ப்லைன் அழகாக வரும். ஆனால் நில எல்லைக்கு மட்டும் ஸ்ப்லைன் போடாதீர்கள். புலப்படத்தில் ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையே நேர்கோடுதான். வரப்பு நேரில் வளைந்து கிடக்கிறது என்பதற்காக எல்லையையும் வளைத்தால் பரப்பளவு மாறிவிடும். அந்த மாற்றத்துக்கு எந்த ஆவணமும் இருக்காது.

இனி லைன்டைப். இதுவரை சொன்னவை கோட்டின் வகை. லைன்டைப் என்பது கோட்டின் தோற்றம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எந்தக் கோட்டுக்கும் எந்தத் தோற்றத்தையும் கொடுக்கலாம். இன்ஜினியரிங் முதலாண்டில் டிராயிங் வகுப்பில் இருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியும் விளிம்புக்குத் தடித்த தொடர்கோடு, அளவு காட்ட மெல்லிய கோடு, மறைந்திருக்கும் விளிம்புக்கு விட்டு விட்டு வரும் கோடு, மையத்துக்கு நீளமும் குட்டையுமாக மாறி மாறி வரும் கோடு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் எஸ்பி 46 என்ற கையேட்டில் இந்த இலக்கணம் முழுவதும் உண்டு. தடித்த கோடு மெல்லிய கோட்டைப் போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பது அடிப்படை. தோப்புப் படத்தில் நான் எல்லைக்கு 0.5 மி.மீ. தொடர்கோடும், பிரிவினைக் கோட்டுக்கு 0.25-ல் டேஷ்டு கோடும் வைத்தேன். இன்னும் கல் நடாத கோடு, தொடர்கோடாக இருந்தால் முடிந்துபோன விஷயம் மாதிரி தெரியும் அல்லவா?

டேஷ்டு கொடுத்த பின்பும் கோடு முழுசாகவே தெரிகிறது என்பது எல்லோரும் கேட்கும் சந்தேகம். காரணம் இதுதான். மெட்ரிக் படங்களுக்கான லைன்டைப் கோப்பில் டேஷ்டு என்பது 12.7 அலகு கோடு, 6.35 அலகு இடைவெளி. நீங்கள் வீட்டை மில்லி மீட்டரில் வரைந்தால் பத்து மீட்டர் சுவரில் ஒவ்வொரு துண்டும் 12.7 மில்லி மீட்டர்தான். 1:100 அளவில் பிரிண்ட் எடுத்தால் புள்ளிகூடத் தெரியாது. எல்டிஸ்கேல் கட்டளையில் 20 கொடுங்கள். தாளில் இரண்டரை மி.மீ. துண்டுகளாக விழும். தோப்பை மீட்டரில் வரைந்தோமே, அங்கே நேர் எதிர். ஒரு துண்டு 12.7 மீட்டர்! முழுப் பிரிவினைக் கோட்டிலும் நாலைந்து துண்டுதான் வரும். அதற்கு எல்டிஸ்கேல் 0.1. இந்தத் தோப்பு 1:500 அளவில் ஒரு ஏ4 தாளில் படுக்கை வாக்கில் சரியாக அடங்கும்.

லைன்டைப் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். அது வெறும் எழுத்துக் கோப்புதான். முதல் வரியில் நட்சத்திரக் குறியும் பெயரும். இரண்டாவது வரியில் ஆங்கில எழுத்து ஏ, அடுத்து எண்கள். கூட்டல் எண் என்றால் கோடு, கழித்தல் எண் என்றால் இடைவெளி, பூஜ்யம் என்றால் புள்ளி. 3,-1,0,-1 என்று எழுதினால் மூன்று அலகு கோடு, இடைவெளி, புள்ளி, இடைவெளி. சொட்டு நீர்க் குழாய்க்கு என்று நீங்களே ஒன்றை எழுதி, .லின் என்ற பின்னொட்டுடன் சேமித்து லோட் செய்துகொள்ளலாம். வேலிக்கும் ரயில் பாதைக்கும் கூட ஆயத்த லைன்டைப்கள் அந்தக் கோப்பில் இருக்கின்றன.

வளைந்து வளைந்து போகும் வாய்க்காலைப் பல சின்னத் துண்டுகள் கொண்ட பாலிலைனாக வரைந்து டேஷ்டு கொடுத்தால் அது முழுக்கோடாகவே இருக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் லைன்டைப் புதிதாகத் தொடங்குவதுதான் காரணம். பிலைன்ஜென் என்று தட்டி 1 கொடுத்துவிட்டு வரைந்தால் ஓட்டம் தொடர்ச்சியாக இருக்கும்.

ஆட்டோகேட் 2016 முதல் புதிதாக வாங்குபவர்களுக்குச் சந்தா முறையில்தான் கிடைக்கிறது. மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கல்வி உரிமம் இலவசம். மற்றவர்கள் திருட்டு நகலைத் தேடி வைரஸை வாங்கி வர வேண்டாம். லிப்ரேகேட் என்ற திறந்த மூல மென்பொருள் இலவசம். பழைய கணினியிலும் ஓடும். அதிலும் @ குறியும் < குறியும் இதே மாதிரிதான் வேலை செய்கின்றன. இணைகோடு, கோண இருசமவெட்டி, தொடுகோடு எல்லாம் லைன் மெனுவிலேயே தனித்தனிப் பொத்தான்களாக இருக்கும். பரப்பளவு காண இன்ஃபோ மெனுவுக்குப் போய் மூலைகளை வரிசையாகக் கிளிக் செய்ய வேண்டும். மல்டிலைன் இல்லை, இணைகோட்டை வைத்துச் சமாளிக்கலாம். கோப்பை டிஎக்ஸ்எஃப் வடிவில் சேமியுங்கள். ஆட்டோகேட் வைத்திருக்கும் டிராஃப்ட்ஸ்மேனிடமோ பொறியாளரிடமோ கொடுத்தால் அவர் அப்படியே திறந்துகொள்வார்.